விமானத்தில் தரும் இலவச கிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுந்தூர விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் இருக்கை மேலேயே ஒரு சின்னப் பை கிடக்கும். சில நேரம் விமானம் கிளம்பிய பிறகு கொண்டுவந்து தருவார்கள். உள்ளே கண்பட்டி, காதில் செருகும் நுரைப்பஞ்சு, சாக்ஸ், குட்டி பிரஷ், அதைவிடக் குட்டியாக ஒரு பேஸ்ட். ‘அமெனிட்டி கிட்’ என்பார்கள். நம் வீடுகளில் அது ‘ஃப்ளைட்ல குடுத்த பை’. சென்னையிலிருந்து வளைகுடா வழியாக டொராண்டோ போய்வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அதனால் முதல்முறை பறக்கப்போகும் உறவினர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

இந்தப் பை எல்லாருக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. மூன்று விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு நேரம் பறக்கிறீர்கள், இரவா பகலா, எந்த வகுப்பு. சென்னை–துபாய், சென்னை–சிங்கப்பூர் போன்ற நாலு மணி நேரப் பயணத்தில் எகானமியில் பெரும்பாலும் ஒன்றும் வராது. அதே துபாயிலிருந்து வட அமெரிக்காவுக்குப் பறந்தால் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். அங்கே வர வாய்ப்பு அதிகம். எமிரேட்ஸ், டர்க்கிஷ் போன்றவை நெடுந்தூர எகானமியிலும் பை தந்திருக்கின்றன. பிசினஸ், முதல் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லா பெரிய நிறுவனங்களும் தருகின்றன. இண்டிகோ போன்ற சிக்கன விமானங்களில் எதிர்பார்க்கவே வேண்டாம். டிக்கெட் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே நிறுவனம்கூட வழித்தடத்துக்கு வழித்தடம் மாற்றும். போன வருஷம் கிடைத்ததே என்று நம்பி வெறுங்கையோடு ஏறாதீர்கள்.

கையில் தரவில்லை என்றால் கேட்கலாமா? ஒரு மாதிரி இருக்கிறதே.

கூச்சமே வேண்டாம், கேளுங்கள். எல்லாருக்கும் விநியோகிக்காமல், கேட்பவருக்கு மட்டும் எடுத்துத் தருவது இப்போது பரவலாகிவிட்டது. பிரஷ், கண்பட்டி, காதடைப்பான் எல்லாம் பின்பக்கச் சமையலறையில் இழுப்பறைக்குள் இருக்கும். கழிவறைக்குள்ளேயே ஒரு தட்டில் அடுக்கி வைப்பதும் உண்டு. சானிட்டரி நாப்கினும் அப்படித்தான். பைக்குள் இருக்காது, ஆனால் பெரும்பாலான நெடுந்தூர விமானங்களில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். சாப்பாட்டு வண்டி நடைபாதையில் வரும்போது கேட்டால் மறந்துவிடுவார்கள். தட்டுகளை எல்லாம் எடுத்து முடித்தபின் எழுந்து பின்னால் நடந்துபோய்க் கேளுங்கள். காலுக்கும் நடை கிடைத்த மாதிரி ஆயிற்று.

உள்ளே இருப்பதில் எது உண்மையிலேயே உதவும்?

என் கணக்கில் மூன்றுதான்: கண்பட்டி, காதடைப்பான், பிரஷ். மற்றவை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

மூன்றில் முதலிடம் கண்பட்டிக்கு. விமானத்தில் இருட்டு நம் கையில் இல்லை. விளக்கை அணைத்த பிறகும் முன்சீட்டுக்காரர் பார்க்கும் படம் நம் முகத்தில் மின்னிக்கொண்டே இருக்கும். மேற்கு நோக்கிப் பகலில் பறந்தால் சூரியன் மறையவே மறையாது. யாராவது ஒருவர் ஜன்னல் மறைப்பைத் தூக்கினால் போதும், நாலு வரிசைக்கு விடிந்துவிடும். போயிங் 787 போன்ற விமானங்களில் ஜன்னலின் நிறத்தைப் பணியாளர்களே கறுப்பாக்க முடியும் என்பது ஒரு நிம்மதி. கண்ணில் வெளிச்சம் படப்பட, தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பு குறையும். ஊர் மாறி நேரம் மாறித் தவிக்கும் உடம்புக்கு அந்தத் துணித்துண்டு செய்யும் உதவி பெரிது.

கண்பட்டி போட்டுத் தூங்குவதற்கு முன் ஒரு வேலை உண்டு. போர்வையை முதலில் போர்த்திக்கொண்டு, சீட் பெல்ட்டை அதற்கு மேலே தெரிகிற மாதிரி மாட்டுங்கள். விமானம் குலுங்கினால் பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கப் பணியாளர் வருவார். தெரியவில்லை என்றால் எழுப்பியே தீர வேண்டும், அது அவர் வேலை. சில பைகளில் ‘சாப்பாட்டுக்கு எழுப்பவும்’, ‘எழுப்ப வேண்டாம்’ என்று இரண்டு ஸ்டிக்கர் இருக்கும். நான் எப்போதும் முதலாவதை ஒட்டுவேன்.

காதில் வைப்பதை வைத்தும் சத்தம் குறையவே இல்லையே?

பத்தில் எட்டுப் பேர் அதை வைக்கும் விதம் தப்பு என்பது என் அனுமானம். காதின் வாசலில் தக்கை மாதிரி ஒட்டி வைத்தால் ஒன்றும் நடக்காது. விரல்களுக்கிடையே திரிபோல மெல்லிசாக உருட்டுங்கள். மற்ற கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்துப் பிடித்தால் காதுத்துளை நேராகும். உருட்டியதை உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் இரைச்சல் தூரத்து மழைபோல் ஆகிவிட்டால் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பறக்கும்போது கேபினுக்குள் சத்தம் ஏறத்தாழ 80 முதல் 85 டெசிபல். ஓரிரு மணி நேரம் தாங்கலாம். பதினான்கு மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தால், ஏன் இவ்வளவு களைப்பு என்று இறங்கிய பிறகுதான் யோசிப்போம். சத்தத்தை உறிஞ்சும் விலையுயர்ந்த ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. ஆனால் ஒருக்களித்துப் படுத்தால் ஹெட்ஃபோன் உறுத்தும், பஞ்சு உறுத்தாது.

இறங்கும்போது காது வலிக்கிறது. அதற்கும் இதே பஞ்சு போதுமா?

போதாது. அது வேறு பிரச்சினை. விமானம் கீழிறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் உள்ள குழாய் திறந்தால்தான் உள்ளேயும் வெளியேயும் சமமாகும். சாதாரணப் பஞ்சு சத்தத்தைத்தான் தடுக்கும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், மிட்டாய் சப்புங்கள். அந்த நேரத்தில் தூங்காமல் இருப்பது நல்லது, தூக்கத்தில் அடிக்கடி விழுங்க மாட்டோம். அழுத்தம் மெதுவாக மாறும்படி வடிகட்டி வைத்த தனி வகைக் காதடைப்பான் மருந்துக்கடைகளில் விற்கிறது. இலவசப் பையில் வருவது அதுவல்ல. கடுமையான சளி இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கழிவறைக் குழாய்த் தண்ணீரில் பல் தேய்க்கலாமா?

நான் தேய்க்க மாட்டேன். விமானத்தின் தண்ணீர் தொட்டியில் நிரப்பப்படுவது. அது எந்த ஊரில் நிரப்பியது, தொட்டியை எப்போது சுத்தம் செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. இதற்கென்றே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2009இல் தனியாக விமானக் குடிநீர் விதிமுறை கொண்டுவந்தது. பல கழிவறைகளில் ‘குடிப்பதற்கு அல்ல’ என்று குழாய்ப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஒரு கப் குடிநீர் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள், கொப்பளிக்கவும் பிரஷ்ஷை நனைக்கவும் அது போதும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரை லென்ஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

கிட்டில் வரும் பிரஷ் ஒரு தடவைக்குத்தான் தாங்கும். நார் உதிரும். ஆனாலும் காலை நாலு மணிக்கு, இறங்கி குடிவரவு வரிசையில் நிற்பதற்கு முன்னால் பல் தேய்த்த முகத்தோடு இருப்பது ஒரு தனித் தெம்பு.

அந்த சாக்ஸ் போட்டால் காலில் ரத்தம் கட்டாது என்கிறார்களே?

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தே ஆக வேண்டும். பையில் வருவது வெறும் துணி சாக்ஸ். குளிருக்கும், ஷூவைக் கழற்றிவிட்டு உட்காருவதற்கும் சரி. ரத்தக்கட்டைத் தடுக்கச் சொல்லப்படுவது அழுத்தக் காலுறை. கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும், கால் அளவெடுத்து வாங்குவது அது. இரண்டும் ஒன்றல்ல.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு 2007இல் சொன்னது. இரண்டு மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். ஆரோக்கியமானவர்களில் அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனால் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் எல்லாரும் டாக்டரிடம் கேட்டு அழுத்தக் காலுறை வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அடிக்கடி எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அந்த சாக்ஸோடு கழிவறைக்குப் போகாதீர்கள். அங்கே தரையில் ஈரமாக இருப்பது எப்போதும் தண்ணீர் அல்ல.

லிப் பாம், கிரீம் எல்லாம் ஆடம்பரம்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன், முதல் நீண்ட பயணத்தில் உதடு வெடித்து, இறங்கியதும் காபி குடிக்க முடியாமல் தவிக்கும்வரை. பறக்கும் விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பொதுவாக 20 சதவீதத்துக்கும் கீழே. சென்னைக் காற்றில் பிறந்து வளர்ந்த தோலுக்கு அது பாலைவனம். கண் உறுத்தும், மூக்கு எரியும், உதடு காயும். லிப் பாம் அதற்குத்தான்.

அதையே வாங்க வேண்டும் என்றில்லை. என் அத்தை ஒரு சின்ன டப்பியில் தேங்காய் எண்ணெய் கொண்டுவருவார். சென்னையில் திரவமாக ஏறுவது டொராண்டோவில் கட்டியாக இறங்கும். இரண்டு நிலையிலும் உதட்டுக்கு நல்லதே.

கிரீம் குழாயைத் திறக்கும்போது கவனம். கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம், அதாவது ஊட்டியில் உட்கார்ந்திருப்பதைப் போல. தரைமட்டத்தில் மூடிய குழாய்க்குள் இருக்கும் காற்று அங்கே விரிந்து நிற்கும். மூடியைத் திறந்ததும் கிரீம் பீச்சியடிக்கும். பக்கத்து சீட்டுக்காரரின் சட்டையை நோக்கித் திறக்காதீர்கள்.

பேஸ்ட், கிரீமை அடுத்த விமானத்துக்குக் கொண்டுபோனால் சோதனையில் பிடுங்குவார்களா?

மாட்டார்கள். 100 மில்லிக்கு மேல் கொள்ளளவு உள்ள புட்டிக்குத்தான் தடை, கிட்டில் வருபவை எல்லாம் அதற்கு வெகு கீழே. 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி கண்டுபிடிக்கப்பட்டதை ஒட்டி வந்த விதி இது. புது வகை ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்கள் இப்போது தளர்த்தியிருக்கின்றன. ஆனால் நீங்கள் மாறி ஏறும் நிலையத்தில் பழைய விதியே இருக்கலாம். பேஸ்ட்டும் திரவக் கணக்கில்தான் வரும். அத்தையின் உறைந்த தேங்காய் எண்ணெயும் அப்படியே.

எதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்? போர்வை?

கிட் உங்களுடையது, பிரிக்காமலே பைக்குள் போட்டுக்கொள்ளலாம். போர்வை, தலையணை, ஹெட்ஃபோன் எல்லாம் நிறுவனத்தின் சொத்து. போர்வை பிளாஸ்டிக் உறையில் வந்ததால் இனாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை, துவைத்து மறுபடி உறையிலிட்டு அடுத்தவருக்குப் போகிறது.

வர்ஜின் அட்லாண்டிக் இந்த விஷயத்தில் வேடிக்கையான ஒரு வேலை செய்தது. மேல்வகுப்பில் வைத்த குட்டி விமான வடிவ உப்பு, மிளகுக் குப்பிகளைப் பயணிகள் சுருட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் குப்பியின் அடியிலேயே ‘வர்ஜின் அட்லாண்டிக்கில் சுட்டது’ என்ற பொருளில் அச்சடித்துவிட்டார்கள். திருட்டே விளம்பரமாகிவிட்டது.

பிசினஸ் கிளாஸ் கிட்டுக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கிட்டுக்காகக் கொடுக்காதீர்கள். படுக்கைக்காகக் கொடுத்தால் அர்த்தம் இருக்கிறது.

அந்தப் பைகளில் பெரிய பெயர்கள் இருக்கும் என்பது உண்மை. எமிரேட்ஸ் புல்கரி வாசனைப் பொருள்களோடு தந்திருக்கிறது. கத்தார் ஏர்வேஸில் டிப்டிக், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சூட் வகுப்பில் லலீக். ஆனால் புல்கரி கடைக்கு நிறுவனத்தின் ஆள் போய்ச் சில்லறை விலையில் வாங்கிவருவதில்லை. ஹாங்காங்கின் ஃபார்மியா, லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்கோ போல இதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் நடுவில் நின்று பையைத் தைத்து, நிரப்பி, பிராண்டோடு பேசி முடிக்கின்றன. பிராண்டுக்கு என்ன லாபம்? காசுள்ள ஒரு வாடிக்கையாளர், பத்து மணி நேரம் எங்கேயும் எழுந்து போக முடியாத இடத்தில், அதன் கிரீமைக் கையில் தடவிப் பார்க்கிறார். இதைவிட நல்ல விளம்பரப் பலகை எங்கே கிடைக்கும்? பிரிக்காத பைகளை இணையத்தில் விற்பவர்களும் வாங்கிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கண்பட்டி மட்டும் அங்கே கொஞ்சம் தடிமன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் நிறைய இருக்குமே, ஏன் சுருங்கிவிட்டது?

காசு, எடை, குப்பை. 1980களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சாலட்டிலிருந்து ஒரே ஒரு ஆலிவ் காயை எடுத்துவிட்டே ஆண்டுக்கு 40,000 டாலர் மிச்சப்படுத்தியதாகச் சொல்வார்கள். ஆலிவுக்கே அந்தக் கணக்கென்றால் முந்நூறு பேருக்கு முந்நூறு பை என்பதை எவ்வளவு யோசிப்பார்கள்! அதில் பாதிப் பை பிரிபடாமலோ, சாக்ஸை மட்டும் எடுத்துவிட்டு மீதி அப்படியேயோ கிடக்கும். பிளாஸ்டிக் உறைக்குப் பதில் காகிதம், பிளாஸ்டிக் பிரஷ்ஷுக்குப் பதில் மூங்கில் என்று மாறுவதும் இதனால்தான். இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் குச்சி வைத்த காது குடையும் பட்ஸுக்கே தடை.

நடுவில் 2020இல் கிட் தலைகீழாக மாறியது. கண்பட்டி போய் முகக்கவசம், கையுறை, சானிடைசர் வந்தது. நம் நாட்டில் நடு சீட்டுக்காரருக்கு உடம்பைச் சுற்றிப் போர்த்தும் கவுன்கூடக் கொடுத்தார்கள். விரும்பி வாங்கிய யாரையும் நான் பார்க்கவில்லை.

பெட்டி வந்துசேரவில்லை என்றால் தருவதும் இதே கிட்தானா?

அது வேறு, அதுதான் நிஜமாகக் கைகொடுக்கும். ‘ஓவர்நைட் கிட்’ என்று கேளுங்கள். பிரஷ், பேஸ்ட், சோப்பு, ஷேவிங் ரேஸர், ஒரு டி-ஷர்ட் என்று இருக்கும். எனக்கு ஒருமுறை பெட்டி இரண்டு நாள் தாமதமானது. கவுன்டரில் இருந்தவர் வருத்தம் தெரிவித்தாரே தவிர கிட் பற்றி வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி கேட்டு வாங்கியதைப் பார்த்துத்தான் நானும் கேட்டேன். கிடைத்த டி-ஷர்ட்டில் இன்னொருவரும் கூடவே நுழையலாம், அவ்வளவு பெரிது. ஆனாலும் அன்றிரவு அதுதான் மாற்றுத் துணி.

அந்தக் கிட்டை வாங்கிக்கொண்டதோடு கணக்கு முடிந்தது என்று நினைக்காதீர்கள். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பெட்டி வரவில்லை என்ற புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணை வாங்குங்கள். அவசரத்துக்கு வாங்கும் உள்ளாடை, மாற்றுத்துணி, கம்பளிச் சட்டை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருங்கள். இந்தியாவும் சேர்ந்துள்ள மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சர்வதேசப் பயணத்தில் பெட்டி தாமதமானால் நியாயமான செலவைக் கேட்கலாம். பெட்டி கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். என்னும் சர்வதேசக் கணக்கலகு, ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். உச்சவரம்பு என்றால் அவ்வளவும் தருவார்கள் என்றல்ல, ரசீது சொல்லும் அளவுக்குத்தான்.

அம்மாவும் அப்பாவும் முதல்முறை தனியாக வருகிறார்கள். விமானத்தில் தருவதே போதுமா?

போதாது. நீங்களே ஒரு பை போட்டுக்கொடுங்கள். விமானத்தில் தருபவருக்கு உங்கள் அப்பாவின் சர்க்கரை மாத்திரை தெரியாது.

மருந்துகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு வையுங்கள். இரண்டு நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். கண்ணாடிக் கூடு, மென்மையான பிரஷ், உதட்டுக்கு ஏதாவது, கண்பட்டி, ஒரு பேனா. சில நாடுகளில் இன்னும் காகிதப் படிவம் நிரப்பச் சொல்வார்கள், பேனாவுக்கு வரிசை முழுக்க அலைய வேண்டிவரும். மகன் வீட்டு முகவரியும் போன் எண்ணும் எழுதிய தாளும் அதே பையில். எல்லாம் கையில் எடுத்துப்போகும் பையில்தான், செக்-இன் பெட்டியில் அல்ல.

பல் செட் போட்டிருந்தால் மூடியுள்ள சின்ன டப்பா கட்டாயம். எங்கள் உறவில் ஒரு தாத்தா சாப்பிட்டு முடித்து, செட்டைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றித் தட்டில் வைத்துவிட்டார். தட்டு வண்டிக்குள் போய்விட்டது. பணியாளர் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு தட்டாக இழுத்துத் தேடி எடுத்துத் தந்தார். காது கேட்கும் கருவிக்கும் இதே டப்பா யோசனைதான்.

குழந்தைகளுக்குத் தருவார்களா?

பெரும்பாலும் வண்ணம் தீட்டும் புத்தகம், கிரேயான், பொம்மை. பெரியவர்களுடைய கிட்டைக் குழந்தையிடம் விளையாடக் கொடுக்காதீர்கள், காதுப் பஞ்சு வாய்க்குள் போய்விடும். கைக்குழந்தைக்கு இறங்கும் நேரத்தில் பால் கொடுத்தால் காது வலி குறையும். டயப்பர் சில விமானங்களில் இருக்கும், உங்கள் குழந்தையின் அளவில் இருக்காது.

வீட்டில் இப்படி ஏழெட்டுப் பை சேர்ந்துவிட்டது. என்ன செய்ய?

பிரிக்காத பேஸ்ட், சோப்பு, சாக்ஸ் இருந்தால் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தேதி பார்த்துக் கொடுங்கள். கிரீம்களை வருஷக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள், கெட்டுவிடும். பைதான் நாள்பட உழைக்கும். சார்ஜர் வயர், தையல் ஊசி நூல், வெளிநாட்டுச் சில்லறை என்று எதற்கும் ஆகும். எங்கள் வீட்டில் அழியும் விலங்குகளின் படம் போட்ட ஒரு பையில் அம்மா ரேஷன் கார்டும் கேஸ் புத்தகமும் வைத்திருக்கிறார். ஜிப் இன்னும் போகவில்லை.